போர்டு வெச்சா போதுமா? காலேஜ் கேம்பஸ்ல புகையிலையை ஒழிக்கறது பத்தி

கேள்வி – ஜூன் 9, 2025

நான் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல என்எஸ்எஸ் பொறுப்புல இருக்கேன். இந்த வருஷம் புகையிலை இல்லா வளாகம்னு அறிவிக்கணும்னு மேனேஜ்மென்ட் முடிவு பண்ணியாச்சு. கேட்டுல போர்டு, மாட்டினா 200 ரூபா ஃபைன், திரும்ப மாட்டினா சஸ்பென்ஷன், வீட்டுக்கு போன். கறாரா இருந்தா ஒரே செமஸ்டர்ல ஒழிஞ்சுடும்னு நான் நினைக்கறேன். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஜூன் 9, ராத்திரி

ஒழியாது சார். இடம் மாறும், அவ்வளவுதான். நான் ஹாஸ்டல் டெபுடி வார்டனா இருந்தவன், இப்பவும் வாத்தியார் வேலைதான். பைக் ஸ்டாண்டுல பிடிச்சா மொட்டை மாடிக்கு போவாங்க, மொட்டை மாடிக்கு பூட்டு போட்டா பாத்ரூம், பாத்ரூம்ல ரவுண்ட்ஸ் போனா காம்பவுண்ட் சுவர் ஏறி வெளிய. கடைசில தம்மை விட்டுட்டு உதட்டுக்கு அடியில ஒதுக்கற பொட்டலத்துக்கு மாறுவாங்க, அதுல புகையும் இல்ல நாத்தமும் இல்ல, க்ளாஸ் ரூம்லயே நடக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது. அப்போ நீங்க "ஒழிஞ்சுடுச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதுவீங்க. எங்ககிட்ட அப்படித்தான் நடந்துச்சு.

போர்டு வேணாம்னு சொல்லல, ஃபைனும் வேணாம்னு சொல்லல. ஆனா பையனை பிடிக்கறதுல ஆரம்பிக்காதீங்க. ஸ்டாஃப் ரூம்ல ஆரம்பிங்க. நாளைக்கு விரிவா எழுதறேன், இன்னிக்கு பேப்பர் திருத்தற வேலை கிடக்கு.

ஜூன் 10

முதல்ல சட்டம், ஏன்னா பல பிரின்சிபாலுக்கே இது தெரியாது. 2003ல வந்த சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம், கோட்பான்னு சொல்வாங்களே அதுதான். 4வது பிரிவு பொது இடத்துல புகைக்கக் கூடாதுன்னு சொல்லுது, கல்வி நிறுவனமும் அதுல சேர்த்தி. அதுக்கான புது விதிகள் 2008 அக்டோபர் 2ல இருந்து நடைமுறையில இருக்கு. 6வது பிரிவுல ரெண்டு விஷயம்: 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு விக்கக்கூடாது, கல்வி நிறுவனத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள யாருக்குமே விக்கக்கூடாது. ரெண்டாவதுல வயசுக்கே வேலை இல்ல, வாங்கறவருக்கு 50 வயசா இருந்தாலும் அந்த இடத்துல வித்தா தப்புதான்.

போர்டுக்கும் விதி இருக்கு. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டராவது இருக்கணும், யார்கிட்ட புகார் சொல்லணும்னு ஒரு ஆளோட பேரும் அதுல இருக்கணும். இந்த பேர் விஷயத்தைத்தான் எல்லா காலேஜும் விட்டுடும். படத்தை பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி ஒட்டிட்டு போயிடுவாங்க, பேர் எழுத வேண்டிய இடம் வெறும் கோடா இருக்கும். அந்த கோட்டுல யார் பேரை எழுதறதுன்னு முடிவு பண்ண எங்க கமிட்டியில ஒரு மீட்டிங் முழுக்க போச்சு. ஹெச்ஓடிங்க ஒருத்தரும் ஒத்துக்கல, லைப்ரரியன் மேடம்தான் "என் பேரை போடுங்க"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் புகார்னு ஒண்ணு வரவே ஆரம்பிச்சது.

இன்னொண்ணு. புகார் வந்தும் பொறுப்புல இருக்கறவர் கண்டுக்கலைன்னா, எத்தனை பேர் புகைச்சாங்களோ அத்தனை பேருக்கான அபராதத்தை அவர் மேல போடலாம்னு அதே விதியில இருக்கு. இதை பிரின்சிபால் ரூம்ல மெதுவா படிச்சு காட்டுங்க. ஃபைல் நகரும்.

ஜூன் 10, மதியம்

கீழ ஒருத்தர் 100 மீட்டர்னு எழுதியிருக்கார். மீட்டர் இல்ல, கஜம். கிட்டத்தட்ட 91 மீட்டர் வரும். அதை விட முக்கியம், அளவு கேட்டுல இருந்து ரோடு வழியா நடந்து எடுக்கறது இல்ல. காம்பவுண்ட் சுவரோட வெளி விளிம்புல இருந்து நேர்கோட்டுல, சுத்தி நாலாபக்கமும் எடுக்கணும். "மெயின் கேட்டுல இருந்து தூரமா இருக்கு சார்"னு சொல்ற கடை பின் சுவரை ஒட்டியே இருக்கும். சிவில் டிபார்ட்மென்ட் இருந்தா டேப்பும் ஸ்டூடன்ட்ஸும் குடுப்பாங்க, ஒரு ப்ராக்டிக்கல் மாதிரி பண்ணிடலாம்.

ஜூன் 13

எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. சர்வே ஃபாரம் குடுக்காதீங்க, "நீ புகையிலை யூஸ் பண்றியா"ன்னு டிபார்ட்மென்ட் பேர் போட்ட பேப்பர்ல கேட்டா எவன் உண்மை எழுதுவான். அதுக்கு பதிலா காலைல பெருக்கறதுக்கு முன்னாடி கேம்பஸை ஒரு சுத்து சுத்துங்க, கூட்டற அக்காவை கூட கூட்டிக்கோங்க. அவங்களுக்கு தெரிஞ்ச அளவுக்கு எந்த கமிட்டிக்கும் தெரியாது. எங்க அக்கா காட்டின இடங்கள்: ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு பின்னாடி, ஜெனரேட்டர் ரூம் சந்து, பழைய லேப் ஜன்னல் சன்ஷேடு, இதெல்லாம் நான் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது பெஞ்சுக்கு அடி. கடைசி வரிசை டெஸ்க்குக்கு கீழ கையை விட்டா சூயிங்கம் மாதிரி ஒட்டியிருக்கும், எடுத்து பார்த்தா டீ பேக் மாதிரி சின்ன வெள்ளைப் பை, நுனியில பழுப்பு கறை, புதினா வாசம் இன்னும் போகாம. பாடம் நடக்கும்போதே உதட்டுல வெச்சு, பேர் சொல்லி கூப்பிட்டதும் எடுத்து கீழ ஒட்டினது. அந்த வரிசையில உக்கார்ற பசங்ககிட்டதான் நான் ஒரு வருஷமா பாடம் எடுத்துட்டிருந்தேன்.

துண்டு கிடக்கற இடத்தை எல்லாம் ஒரு ப்ளான்ல புள்ளி வெச்சு குறிச்சோம். துண்டு சிகரெட், பீடி, கிழிஞ்ச பொட்டலம், எச்சில் கறை, எல்லாத்துக்கும் வேற வேற கலர். எச்சில் கறை எல்லாம் மாடிப்படி திருப்பத்துல. வேற சில இடங்கள்ல அங்க சாமி பட டைல்ஸ் பதிப்பாங்க, எனக்கு அது பிடிக்காது, சாமிக்கு பயந்து ரெண்டு அடி தள்ளி துப்பறானே தவிர விடறது இல்ல.

மத்திய அரசோட புகையிலை இல்லா கல்வி நிறுவன வழிகாட்டுதல், 2019ல வந்தது, அதுல இருக்கற மார்க் ஷீட்டிலயும் வளாகத்துக்குள்ள பயன்படுத்தின தடயம் இல்லாம இருக்கணும்னு ஒரு வரி இருக்கு. எல்லாரும் போர்டு போட்டோ, ராலி போட்டோ, 100 கஜ எல்லையை காட்டற மஞ்சள் கோடு போட்டோ எடுத்து மார்க்கை வாங்கிடறாங்க. காலேஜுக்கு தரம் குடுக்கற நாக் குழு வர்றதுக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சு மறைச்சா அந்த வரிக்கும் மார்க் கிடைச்சுடும். எனக்கு கோவம் வர்ற இடம் இதுதான்.

ஜூன் 14

ஸ்டாஃப் விஷயம். கொஞ்சம் நீளமா போகும்.

நம்ம ஊர்ல புகைக்கற வாத்தியாரை பசங்களுக்கு நல்லா தெரியும். எந்த பீரியட் முடிஞ்சு எந்த கடைக்கு போறார், என்ன பிராண்ட், ஏலக்காய் போட்டுட்டு வர்றாரா ஹால்ஸ் போட்டுட்டு வர்றாரா, எல்லாம். சில பேர் பசங்களை விட்டே வாங்கிட்டு வர சொல்லுவாங்க. ஒரு தடவை நான் ஒரு செகண்ட் இயர் பையனை பிடிச்சு கேட்டப்போ அவன் எதிர்த்து பேசல, தலையை குனிஞ்சுக்கிட்டு "சாருக்கு வாங்க போனப்ப பழகினது சார்"னு சொன்னான். அதுக்கு மேல அவனை கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல.

அதனால முதல் சர்க்குலர் ஸ்டாஃபுக்கு போகணும், டீச்சிங், நான் டீச்சிங், கெஸ்ட் லெக்சரர், விசிட்டர், கான்ட்ராக்டர், டிரைவர், எல்லாருக்கும். "மாணவர்கள்"னு ஆரம்பிக்கற சர்க்குலர் தோத்துப் போகும். எங்ககிட்ட ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு சீனியர் எழுந்து "நான் முப்பது வருஷமா இழுக்கறேன், இனிமே விட முடியாது, ஆனா கேம்பஸுக்குள்ள பிடிக்க மாட்டேன், எவனையும் வாங்கிட்டு வர சொல்லவும் மாட்டேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னார். அவர் மேல எனக்கு இருக்கற மரியாதை அன்னிக்கு ரெட்டிப்பாச்சு. ஒரு மனுஷன் தன்னால முடிஞ்சது எது முடியாதது எதுன்னு நேர்மையா சொன்னது, எந்த உறுதிமொழியை விடவும் பசங்க காதுக்கு போய் சேர்ந்துச்சு.

ஜூன் 19

"ராலியும் உறுதிமொழியும் வேஸ்டா?"ன்னு ஒரு மேடம் கேட்டிருக்காங்க. வேஸ்ட்னு சொல்லல மேடம். ஆனா மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் நம்ம காலேஜுங்களுக்கு லீவுல வருது. பரீட்சை முடிஞ்சு ஹாஸ்டல் காலி. பக்கத்து ஊர் பசங்களா பார்த்து என்எஸ்எஸ்ல கூப்பிட்டு பேனர் பிடிக்க வெச்சு போட்டோ எடுத்து அனுப்பறோம். யாருக்கு சொல்லணுமோ அவங்க அந்த நேரத்துல பிளஸ் டூ ரிசல்ட்டை கையில வெச்சுக்கிட்டு அட்மிஷனுக்கு அலையறாங்க. ஃபர்ஸ்ட் இயர் உள்ள வர்ற முதல் வாரம்தான் உண்மையான நாள்.

ஏன் ஃபர்ஸ்ட் இயரை இவ்வளவு பிடிச்சுக்கறேன்னா, 2016-17ல இந்தியாவுல எடுத்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை கணக்கெடுப்புல ஆரம்பிக்கற சராசரி வயசு 18.9. ஹாஸ்டல்ல பெட்டியை இறக்கி வைக்கற வயசு. அதே கணக்கெடுப்புல இன்னொரு விஷயம், நாடு முழுக்க பயன்பாடு 34.6 சதவீதத்துல இருந்து 28.6க்கு இறங்கியிருக்கு, தமிழ்நாட்டுல 16.2ல இருந்து 20க்கு ஏறியிருக்கு. நாம கம்மியா இருக்கற மாநிலம்னு நெஞ்சை நிமிர்த்திட்டு இருக்கற நேரத்துலதான் ஏறியிருக்கு.

ஜூன் 22

பெஞ்சுக்கு அடியில இருந்த பை பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஆமா, அதேதான், கூல் லிப் மாதிரி ஐட்டம். பள்ளிக்கூட பசங்ககிட்ட அது பரவறதை பத்தி 2024ல உயர்நீதிமன்ற மதுரை கிளையே கவலைப்பட்டு கேள்வி கேட்டுச்சு. ஸ்கூல்ல பழகினவன் காலேஜுக்கு வரும்போது விட்டுட்டா வருவான்?

இங்க சட்டத்துல ஒரு சந்து இருக்கு. நான் மேல சொன்ன 4வது பிரிவு புகைக்கறதை பத்தி மட்டும்தான் பேசுது. மெல்றதுக்கு அது பொருந்தாது. குட்கா, பான் மசாலா தடை வேற சட்டத்துல வருது, உணவுப் பாதுகாப்பு சட்டம். தமிழ்நாட்டுல 2013ல இருந்து வருஷா வருஷம் உத்தரவை புதுப்பிச்சுக்கிட்டே வந்தாங்க, 2023 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, அதே வருஷம் ஏப்ரல்ல உச்சநீதிமன்றம் அந்த தீர்ப்புக்கு தடை குடுத்துச்சு. அந்த தடையும் விக்கறவனையும் பதுக்கறவனையும்தான் பிடிக்கும். வாயில வெச்சிருக்கற பையனை பத்தி காலேஜ் விதிதான் பேசணும். அதனால உங்க போர்டுல, சர்க்குலர்ல, அட்மிஷன் டைம்ல கையெழுத்து வாங்கற ஃபாரம்ல "புகைத்தல்"னு மட்டும் போட்டீங்கன்னா பாதி ஆளை விட்டுட்டீங்கன்னு அர்த்தம். சிகரெட், பீடி, மெல்றது, ஒதுக்கறது, உறிஞ்சறது, இ-சிகரெட்னு பேர் சொல்லி எழுதுங்க.

ஜூன் 22, சேர்த்துக்கறேன்

"வெறும் பாக்குதானே சார், அதுல புகையிலை இல்லையே"ன்னு பசங்க கேப்பாங்க, தயாரா இருங்க. பாக்கையே, புகையிலை சேராத பாக்கையே, புற்றுநோய் உண்டாக்கறதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வகுப்புல வெச்சிருக்கு. வாய் உள்பக்கம் நார் மாதிரி இறுகி, வாய் திறக்க முடியாம போற நோய் பாக்குனாலதான் வருது. டென்டல் கேம்ப் வெச்சப்போ டாக்டர் ஒரு சின்ன டெஸ்ட் சொல்லிக் குடுத்தார். நடு மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா செங்குத்தா சேர்த்து மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவுல விடணும். ஹால் முழுக்க பசங்க சிரிச்சுக்கிட்டே விட்டாங்க. ஒரு பையனுக்கு ரெண்டு விரல்தான் போச்சு. மூணாவதை திரும்பத் திரும்ப நுழைச்சு பார்த்தான், பக்கத்துல இருந்தவங்க சிரிப்பு நின்னுடுச்சு. டாக்டர் அவனை தனியா கூப்பிட்டு போய் பேசினார். நான் போட்ட எந்த பவர்பாயின்ட்டும் அந்த வேலையை செஞ்சது இல்ல.

ஜூன் 27

"எனக்கு 18 ஆயிடுச்சு, என் காசு, என் நுரையீரல், நீங்க யாரு"ன்னு ஒரு தம்பி கோவமா எழுதியிருக்கார். தம்பி, உங்க கேள்வி நியாயமானது, அதனால நேரா பதில் சொல்றேன். நீங்க புகைக்கக் கூடாதுன்னு எந்த சட்டமும் சொல்லல. இந்த இடத்துல கூடாதுங்கறதுதான் சட்டம். காரணம், ஹாஸ்டல் ரூம்ல நீங்க மட்டும் இல்ல. என் ஹாஸ்டல்ல வீசிங் இருக்கற ஒரு பையன் டிசம்பர் குளிர்ல ரூமை விட்டு காரிடார்ல பாய் போட்டு படுத்திருந்தான், ராத்திரி ரவுண்ட்ஸ்ல பார்த்து ஏன்டான்னா "காத்து வரலை சார்"னான், இன்ஹேலர் தலைமாட்டுல இருந்துச்சு. ரூம்மேட்டை காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவன் வாயே திறக்கல. உங்க நுரையீரல் உங்களுது, ஒத்துக்கறேன். அவனோடது அவனுதுதானே.

இந்த மாதிரி பசங்க புகார் குடுக்க மாட்டாங்க, அதனால ரூம் மாத்திக்க காரணம் கேக்காத ஒரு வழி ஹாஸ்டல்ல இருக்கணும். இதுக்கு பைசா செலவு கிடையாது.

ஜூலை 2

டீக்கடை. இதுலதான் எனக்கு ரெண்டு மனசு.

சட்டப்படி போலீஸ்ல சொல்லி அள்ளிடலாம். அள்ளினாங்க. ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு, இந்த தடவை டப்பா வெளிய தெரியாம கல்லாவுக்கு அடியில. நம்ம காலேஜுக்கு எதிர் கடை அண்ணன் பத்து பதினஞ்சு வருஷமா அங்க இருக்கார், ஃபீஸ் கட்ட முடியாத பசங்களுக்கு கடனுக்கு சாப்பாடு போட்டவர், ஆக்சிடென்ட்டுனா முதல்ல ஓடி வர்றவர். அவரை வில்லன் மாதிரி நடத்த எனக்கு மனசு வரல. போய் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பேசினேன். அவர் கணக்கை பச்சையா சொன்னார்: சிகரெட்டுல நிக்கறது ரொம்ப கம்மி சார், ஆனா அதுக்கு வர்றவன்தான் டீ குடிக்கறான், பன் சாப்பிடறான், அதை எடுத்தா அவன் அடுத்த கடைக்கு போயிடுவான்.

அதாவது ஒரு கடையை மட்டும் எடுக்க சொன்னா அநியாயம், 100 கஜ வட்டத்துக்குள்ள இருக்கற எல்லா கடையும் ஒரே நாள்ல எடுத்தா ஒருத்தருக்கும் நஷ்டம் இல்ல. இது அவர் சொன்னது. சுகாதாரத் துறை ஆளுங்க, லோக்கல் எஸ்ஐ, நாங்க, கடைக்காரங்க எல்லாரும் உக்காந்து ஒரு தேதி குறிச்சோம், மாணவர் பேரவை பசங்க கேன்டீன்ல இல்லாத ஐட்டமா, சுண்டல், முட்டை போண்டா, மோர்னு லிஸ்ட் போட்டு குடுத்தாங்க, அது அந்த கடைகள்ல வந்துச்சு. "சுண்டல் போட்டா வாத்தியாருங்களும் வருவீங்களா?"ன்னு அண்ணன் கேட்டார், இப்ப சாயங்காலம் அங்கதான் எங்க பாதி டிபார்ட்மென்ட் நிக்குது.

கடையில லைட்டர் கயித்துல கட்டி தொங்கும் பாருங்க, அது போனதுதான் பெரிய மாற்றம்னு நான் சொல்வேன். ரெண்டு பீரியட்டுக்கு நடுவுல இருக்கற பத்து நிமிஷத்துல ஒண்ணே ஒண்ணு சில்லறையா வாங்கி, அங்கயே பத்த வெச்சு, முடிச்சுட்டு வந்துடற வசதி போச்சு. முழு பாக்கெட் வாங்க ஃபர்ஸ்ட் இயர் பையன்கிட்ட காசு இருக்காது. பழகினவன் தூரமா போய் வாங்கிக்குவான், அது உண்மை. புதுசா ஒருத்தன் சும்மா நின்னுக்கிட்டு இருந்தப்ப கை நீட்டி வாங்கறது குறைஞ்சது.

ஜூலை 3

வட்டத்துக்கு வெளிய புதுக்கடை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கீங்க. வந்துச்சு. சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது, 18க்கு கீழ விக்கறாரான்னு மட்டும் பார்க்கலாம். கர்நாடகா அந்த வயசை 21 ஆக்கிட்டாங்க, நம்ம மாநிலமும் செய்யணும்னு நான் ஆசைப்படறேன்.

ஜூலை 11

ஃபைன் பத்தி முதல் நாள் ரெண்டு வரியில முடிச்சுட்டேன், யோசிச்சு பார்த்தா அது பத்தாது. 200 ரூபா வரைக்கும் ஃபைன் போட பிரின்சிபாலுக்கு விதியிலயே அதிகாரம் இருக்கு, போடலாம். ஆனா பையன் கட்டிட்டு போற காசு அது. அதுக்கு மேல சஸ்பென்ஷன், வீட்டுக்கு போன்னு போனீங்கன்னா உங்ககிட்ட உதவி கேட்டு ஒருத்தனும் வரமாட்டான். அப்பா செங்கல் சூளைல வேலை பாக்கறவர், பையன் முதல் பட்டதாரி, போன் போட்டு "உங்க பையன் தம் அடிக்கறான்"னு சொன்னா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு நமக்கு தெரியும். படிப்பையே நிறுத்திடுவாங்க. ஒரு சிகரெட்டுக்கு அது தண்டனை இல்ல.

எங்ககிட்ட மாத்தினது இது: முதல் தடவை மாட்டினா ஃபைனுக்கு பதிலா கவுன்சிலர்கிட்ட போயே ஆகணும், அங்க பேசறது வெளிய வராது, ரெக்கார்டுல ஏறாது. தானா வர்றவனை பத்தி எந்த வாத்தியாருக்கும் சொல்லக்கூடாது. திரும்பத் திரும்ப கேம்பஸுக்குள்ள பிடிச்சா அப்போ ஃபைன். விக்கறவன், ரூம்ல ஸ்டாக் வெச்சு ஜூனியர்களுக்கு சப்ளை பண்றவன் மேல மட்டும் கறார். அவனுக்கு இரக்கமே கிடையாது.

விட நினைக்கறவனுக்கு வழி சொல்லாம "விடு"ன்னு மட்டும் சொல்றது பாதி வேலை. இலவச போன் லைன் இருக்கு, 1800-11-2356, தமிழ்லயும் பேசுவாங்க, 2018ல இருந்து சிகரெட் பாக்கெட்டிலயே அந்த நம்பர் அச்சடிச்சிருக்கு, படத்தை பார்த்து பயந்து யாரும் நம்பரை பார்க்கறது இல்ல. சென்னைப் பக்கம்னா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில புகையிலையை விட உதவற மையம் 2002ல இருந்தே நடக்குது.

ஜூலை 12

நிகோடின் சூயிங்கம் பத்தி கேட்டவருக்கு. மெடிக்கல்ல 2 மில்லிகிராம் கிடைக்கும், ஆனா சாதா பபிள்கம் மாதிரி மென்னா வேலை செய்யாது, வயித்தை புரட்டும், விக்கல் வரும், "சார் இது வேஸ்ட்"னு தூக்கி போட்டுடுவாங்க. மெதுவா மெல்லணும், நாக்குல மிளகு மாதிரி சுருக்குன்னு வந்ததும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், சுருக்குன்னு இருக்கறது போனதும் திரும்ப மெல்லணும். போடறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் டீ, காபி, ஜூஸ் வேணாம், வாய் புளிப்பா இருந்தா மருந்து உள்ள ஏறாது. டீயோட தம்முன்னு பழகினவனுக்கு இதுதான் ரொம்ப கஷ்டம். பொட்டலம் ஒதுக்கினவனுக்கு வாய்ப்புண் இருந்தா டாக்டரை பார்க்காம இதை தொடவே கூடாது.

முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சம், எரிச்சல், தூக்கமின்மை, பாடத்துல மனசு நிக்காது. அதனால இன்டர்னல் டெஸ்ட் வாரத்துல ஆரம்பிக்க சொல்லாதீங்க. ஆசை ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் சில நிமிஷம்தான் இருக்கும், தண்ணி குடிச்சு, இடத்தை விட்டு எழுந்து நடந்து, ஒருத்தன்கிட்ட பேச்சு குடுத்தா அடங்கிடும். ஒரு பையன் அந்த நேரத்துல எல்லாம் எனக்கு வாட்ஸ்அப்ல வெறும் புள்ளி அனுப்புவான். நான் திரும்ப ஒரு புள்ளி அனுப்புவேன். அவ்வளவுதான் எங்க கவுன்சிலிங். இப்ப அவன் வேலைக்கு போயிட்டான், பொங்கலுக்கு வாழ்த்து வருது.

ஜூலை 20

செக்யூரிட்டி அண்ணன்களை மறந்துட்டோம். நைட் ஷிஃப்ட்ல பன்னிரண்டு மணி நேரம் கண் முழிக்கறதுக்கு ஹான்ஸ் போடாதவர் ரொம்ப கம்மி. பையனை செக் பண்ணி பொட்டலத்தை பிடுங்க சொல்றோம், பிடுங்கறவர் கீழ் உதடே வீங்கி இருக்கு. பசங்க இதை பார்த்து சிரிக்கறாங்க, அவருக்கு அவமானமா இருக்கு. கட்டட வேலைக்கு வந்திருக்கற பீகார், ஒடிசா ஆளுங்க உள்ளங்கையில கைனிப் புகையிலையும் சுண்ணாம்பும் வெச்சு தட்டுவாங்க, அவங்களுக்கு தமிழ் போர்டு படிக்கவும் வராது. தினக்கூலிக்காரர்கிட்ட 200 ரூபா பிடுங்கறது எனக்கு ஒப்பலை. கான்ட்ராக்ட்ல ஒரு வரி சேர்த்து, இந்தியில ஒரு போர்டு வெச்சு, டென்டல் கேம்ப்ல அவங்களுக்கும் டோக்கன் குடுங்க. எங்க கேம்ப்ல டாக்டர் மேல் சிகிச்சைக்கு அனுப்பினதுல அதிகம் பேர் அவங்கதான். மாணவர் ஒருத்தர் மட்டும்.

ஜூலை 29

வேப், அதாவது இ-சிகரெட் பத்தி சுருக்கமா. 2019லயே நாடு முழுக்க தடை. விக்கறது, இறக்குமதி பண்றதுக்கு முதல் தடவையே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது லட்ச ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனா ஹைலைட்டர் பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரி வருது, மாம்பழ வாசம் அடிக்குது, வார்டன் டியோடரன்ட்னு நினைச்சுட்டு போயிடறார். இது காசுள்ள பசங்க ஐட்டம், மொபைல்ல ஆர்டர் போட்டு பார்சல்ல வரவழைக்கறாங்க. ஹாஸ்டல் பார்சல் ரேக்குல கொஞ்சம் கண்ணு வைங்க. நிகோடின் இல்லாததுன்னு அவங்களே நம்பறாங்க, அதுதான் ஆபத்து.

ஆகஸ்ட் 8

கேள்வி கேட்ட சார் திரும்ப வந்து எழுதியிருக்கார், ரொம்ப சந்தோஷம். போர்டுல அவர் பேரையே போட்டுட்டாராம், ஸ்டாஃப் மீட்டிங்ல சண்டையாம். சண்டை வரட்டும் சார், மூச்சு விடாம ஒத்துக்கிட்டாங்கன்னாதான் நான் கவலைப்படுவேன்.

ஆனா நீங்க எழுதினதுல ஒண்ணு உறுத்துது. ரெண்டு பொண்ணுங்க மாட்டினாங்க, அவங்க பேரண்ட்ஸை மட்டும் உடனே கூப்பிட்டுட்டோம்னு சொல்றீங்க. அதே வாரம் மாட்டின பசங்களுக்கு அபாலஜி லெட்டர். ஏன் சார்? நிகோடினுக்கு ஆண் பெண் தெரியாது, நம்ம கமிட்டிக்கு மட்டும் தெரியுதா? பொண்ணு தம் அடிச்சா ஒழுக்கம், பையன் அடிச்சா வயசுக்கோளாறு, இந்த கணக்கை உள்ள விட்டீங்கன்னா இது சுகாதாரத் திட்டம் இல்ல, போலீஸ் வேலை. அந்த பொண்ணுங்க இனிமே கவுன்சிலர் ரூம் பக்கம் வரவே மாட்டாங்க. கூப்பிட்டு பேசுங்க, கமிட்டி சார்புல வருத்தம் சொல்லுங்க. கோவமா எழுதறேன்னு நினைக்காதீங்க, கோவம்தான்.

ஆகஸ்ட் 17

ஃபர்ஸ்ட் இயர் இன்டக்ஷன்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கணும்னு கேட்டிருக்கீங்க. இருபது நிமிஷம் போதும். புற்றுநோய் படம் காட்டாதீங்க, பாக்கெட் மேல 85 சதவீத இடத்துல அதைத்தான் தினம் பார்க்கறாங்க. மூணு விரல் டெஸ்ட் ஒண்ணு, ஹாஸ்டல்ல விட்ட சீனியர் ஒருத்தர் தன் வாயால ஐஞ்சு நிமிஷம் பேசறது ஒண்ணு, லைப்ரரியன் மேடம் மாதிரி பொறுப்புல இருக்கறவங்க மேடைல எழுந்து நின்னு "என்கிட்ட வரலாம், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முகத்தை காட்டறது ஒண்ணு. அப்புறம் வகுப்புக்கு ரெண்டு பேர் புகையிலை கண்காணிப்பாளர்னு வழிகாட்டுதல்ல இருக்கற மாதிரி போடுங்க, ஆனா படிப்புல முதல் மார்க் வாங்கறவங்களா பார்த்து போடாதீங்க. கடைசி பெஞ்சுல எல்லாருக்கும் பிடிச்சவன் ஒருத்தன் இருப்பான், அவனை போடுங்க. அவன் பிடிச்சு குடுக்க மாட்டான், அது தேவையும் இல்ல. யாருக்கு உதவி வேணும்னு அவனுக்குத்தான் தெரியும்.

பெஞ்சுக்கு அடியில மாசத்துக்கு ஒரு தடவை கையை விட்டு பாருங்க, கையுறை போட்டுக்கோங்க. அந்த புள்ளி வெச்ச ப்ளானை அடுத்த செமஸ்டர் ஆரம்பத்துல திரும்ப போட்டு பக்கத்துல பக்கத்துல வெச்சு எனக்கு அனுப்புங்க, எங்களோடதையும் அனுப்பறேன்.